மாமாவின் மோரிஸ் மைனர்: சாவி என்னிடம் இருந்த பதினாறு மாதங்கள்

2021 ஜூன் மாதம் என் தாய்மாமா எண்பத்தொன்பதாவது வயதில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காலமானார். கோவிட் மூன்றாம் அலை நேரம். இறுதிச் சடங்குக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த அவர் வீட்டு முற்றத்தில் தகரக் கூரையின் கீழ் நின்ற அவருடைய 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனரின் சாவியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உயிலில் என்னைத்தான் சொத்து நிர்வாகியாக எழுதியிருந்தார். மூன்று பிள்ளைகளில் யார் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்தேன். அந்தக் காருக்கு நேர்ந்த கேடுகளில் பெரியது அதுதான்.

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவன் நான். இறந்தவர்களின் சொத்துக் கணக்குகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. அப்பாவின் பழைய காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். மூத்தவர், மகள், இளையவர் என்றே குறிப்பிடுகிறேன்.

கார்

மோரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, சாம்பல் கலந்த பச்சை. 948 சிசி எஞ்சின், 37 குதிரைத்திறன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்த வகைதான் பிரிட்டனில் முதன்முதலாகப் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட கார். அரிய பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாமாவின் கார் 1961க்கு முந்தையது என்பதால், திரும்பும்போது கண்சிமிட்டும் விளக்கு கிடையாது. கதவுத் தூணுக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு கை வெளியே நீளும். மாமா அதைக் ‘கைகாட்டி’ என்பார். சாவியைத் திருப்பியதும் முன்னால் எஞ்சின் மூடிக்குள்ளிருந்து பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது தெரியும்.

மாமா பள்ளி ஆசிரியர். இருபத்தேழு வயதில் பவுண்டு நாணயத்தில் விலை பேசி, பாதிக் கடனுக்கு எடுத்த கார். 1961 பிப்ரவரியில் ராண்ட் நாணயம் வந்தபோது ஒரு பவுண்டுக்கு இரண்டு ராண்ட் என்று மீதிக் கடனை மாற்றி எழுதிய தாளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கார் வந்த வாரம் பெல்லேர் ரோடு அம்பலவாணர் ஆலயத்துக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். அந்தக் கோயிலுக்கும் இடம் பெயர்ந்த கதை உண்டு. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905இல் வெள்ளம் கொண்டுபோன பிறகு, 1947இல் இப்போதிருக்கும் இடத்தில் எழுப்பினார்கள்.

அப்போது குடும்பம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில், மரமும் தகரமுமான வீட்டில் இருந்தது. 1958லேயே அந்தப் பகுதியை வெள்ளையருக்கு என்று அறிவித்துவிட்டார்கள். இனவாரிப் பகுதிச் சட்டம் என்ற பெயரில் ஊர் ஊராகக் காலி செய்தார்கள். மாமாவின் முறை அறுபதுகளின் நடுவில் வந்தது. லாரிக்காரனிடம் கட்டிலும் பீரோவும் ஏற்றிவிட்டு, குத்துவிளக்கையும் சாமி படங்களையும் தையல் இயந்திரத்தையும் அம்மிக்கல்லையும் இந்த மைனரில் வைத்து, நாலைந்து நடையாகச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்தார். மூத்தவருக்கு அப்போது நாலு வயது. அம்மிக்கல்லின் மேல் கால் வைத்து உட்கார்ந்து வந்ததை இன்றும் சொல்வார். அந்த வீடு இடிக்கப்பட்டது. தெரு இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்ற பொருள்களில் இன்னும் வெயில் படும் இடத்தில் நிற்பது இந்தக் கார் ஒன்றுதான். காசுக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு மாமா மாலையில் தமிழ் வகுப்பு நடத்தினார். கலைப்போட்டிக்கு, இங்கே எல்லோரும் ஐஸ்டெட்ஃபாட் என்பார்கள், திருக்குறள் ஒப்பிக்கும் பிள்ளைகளை இதில்தான் அடைத்துக்கொண்டு போவார். நானும் பின்னிருக்கையில் ஐந்தாவது ஆளாகப் போயிருக்கிறேன்.

உயிலும் மூன்று பேரும்

உயில் எளிமையானது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு வீடு. மற்றதெல்லாம் மூவருக்கும் சமம். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே சட்டப்படி கார் ‘மற்றதெல்லாம்’ என்பதில் விழுந்தது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நின்றதோ மகளுக்குப் போகும் வீட்டின் முற்றத்தில்.

மூத்தவர் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவில் இருக்கிறார், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். “மச்சான், அதை வித்தா அப்பாவை ரெண்டாவது தடவை காலி பண்ற மாதிரி” என்றார். இளையவர் பதினைந்து வருடமாக ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுங்கள், செலவு என்னுடையது என்றார். மகள் மட்டும் சொன்னாள்: “வித்துடுங்க அத்தான். எனக்கு அந்த இடம் வேணும்.”

அண்ணனும் தம்பியும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள். வீடு கிடைத்துவிட்டது, இனி அப்பா கார் எதற்கு என்று நினைக்கிறாள் என்று என்னிடமே சொன்னார்கள். வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் அப்படித்தான் எண்ணினேன்.

சாவி

மாமா இறந்ததைத் தெரிவித்ததும் வங்கி அவருடைய கணக்கை முடக்கியது. அது வழக்கமான நடைமுறைதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த காப்பீட்டுத் தவணையும் அத்தோடு நின்றது. இரண்டு மாதத்தில் காருக்குக் காப்பீடு இல்லை. நெடுநாள் உடம்பு சரியில்லாமல் இருந்தவர் என்பதால் கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் டிஸ்க் ஏற்கெனவே காலாவதி. அது புதுப்பிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் பாக்கியும் அபராதமும் ஏறும்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி சொத்து மதிப்பு 2,50,000 ராண்டுக்கு மேல் போனால், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் என்னும் அதிகாரி தரும் நிர்வாகி நியமனக் கடிதம் வேண்டும். அதற்குக் கீழே என்றால் எளிய அதிகாரக் கடிதம் போதும். வீடு இருந்ததால் எங்களுக்கு முதல் வகை. அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை உயிலில் பெயர் இருந்தாலும் நிர்வாகிக்கு அதிகாரம் கிடையாது. விற்க முடியாது, பெயர் மாற்ற முடியாது. 2021 ஜூலையில் எங்கள் மாகாணத்தில் கலவரம். செப்டம்பரில் அரசுக் கணினி அமைப்பு ஒன்று இணையத் தாக்குதலில் முடங்கி, எல்லாருடைய காகிதங்களும் தேங்கின. கடிதம் வந்தது 2022 ஜனவரியில்.

இடையில் ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர் 38,000 ராண்ட் ரொக்கம் தருவதாகச் சொன்னார். அதிகாரம் இல்லாததால் மறுத்தேன். அதில் தவறில்லை. தவறு வேறிடத்தில். மகள் ஒருநாள் தொலைபேசியில், “அத்தான், ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் சாவி குடுங்க” என்று கேட்டாள். காப்பீடு இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் அண்ணன் தம்பிக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். எதற்குக் கேட்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முற்றத்துக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டு, நாலடி முன்னும் பின்னும் நகர்த்துவதற்குச் சாலைக் காப்பீடு எதற்கு? சொத்தைக் காப்பது நிர்வாகியின் கடமை. நான் அதைப் பூட்டி வைப்பது என்று புரிந்துகொண்டேன். தங்க நகைக்கும் வங்கி ரசீதுக்கும் அது சரி. கார் அப்படிப்பட்ட பொருள் அல்ல, அதிலும் டர்பனில். கோடையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. கடலிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சக்கர சிலிண்டருக்குள் துருவாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் தட்டு எஞ்சின் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாதி காலியான தொட்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், மேல் பாதி துருவேறும். அறுபத்திரண்டு வருடம் ஓடிய கார் பதினாறு மாதம் நின்றதில் சீரழிந்தது.

ஏப்ரல் மழை

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை டர்பனில் யாரும் மறக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன வெள்ளம் அது. அந்த நாளில் ஒரு காருக்காக அழுததாக எழுத எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது போதும் என்றிருந்தோம். மேட்டுச் சரிவிலிருந்து இறங்கிய சேறு முற்றத்தை நிரப்பி, காரின் கதவு அடிவரை ஏறி, உள்ளே தரைவிரிப்பை நனைத்துவிட்டுப் போயிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. கைப்பிரேக் பிடித்த நிலையில் இறுகிப்போயிருந்ததால், பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் தள்ளியும் மேட்டுக்கு நகரவில்லை.

மே மாதம் பழைய பிரிட்டிஷ் கார்களில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. பாயை விரித்துப் போட்டு நேரே அடியில் போய்ப் படுத்துவிட்டார். மைனரை வாங்கவோ வைத்துக்கொள்ளவோ நினைக்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை அவர் காட்டிய வரிசையிலேயே சொல்கிறேன். இந்தக் காருக்கு உடலைத் தாங்கத் தனியான இரும்புச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. உடலே சட்டகம். அதனால் துருவேறியது எங்கே என்பதுதான் கேள்வி. முன்சக்கரங்களின் முறுக்குத் தண்டுகள் பின்முனையில் சேரும் நடுக் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம். ஸ்குரூடிரைவரால் குத்தினால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். பொதக்கென்று உள்ளே போனால் வெல்டிங் செலவு. எங்கள் காரில் இடது விளிம்பிலும் ஒரு ஸ்பிரிங் இடத்திலும் போனது.

அடுத்தது முன்சக்கரம் திரும்பும் திருகுமூட்டுகள். டிரனியன் என்பார்கள். மேலும் கீழும் மரைபோட்ட இரும்பு, கிரீஸ் பூட்டினால் ஆயுள் முழுக்க உழைக்கும். கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒருநாள் மரை கழன்று, சக்கரம் காருக்கடியில் மடிந்துவிடும். வேகத்தில் போகும்போது நடந்தால் நினைக்கவே பயம். மெக்கானிக் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இதை ஒழுங்கா யாரோ கிரீஸ் பண்ணிக்கிட்டு வந்திருக்காங்க. போன வருஷம் வரைக்கும்” என்றார்.

மாமா கடைசி நாலு வருடம் குனிந்து செருப்புப் போடவே முடியாமல் இருந்தவர். அந்த வார்த்தை என் மனதில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கணக்கு

இறந்த தேதியில் காரின் மதிப்பு, எழுத்தில் வாங்கிய இரண்டு மதிப்பீடுகளின் சராசரிப்படி 54,000 ராண்ட். புதிய கார் என்றால் வணிகர்களின் விலைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம். இவ்வளவு பழைய காருக்கு ஆள் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அதே இருவர் சொன்னது 30,000. சாலையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவர 46,000. முழுக்க அவிழ்த்து, புதிதுபோல் ஆக்க 1 லட்சத்து 70 ஆயிரம். அப்படி ஆக்கிய பிறகும் எதிர்பார்க்கக்கூடிய உச்ச விலை 95,000.

பழைய கார் தங்கம் மாதிரி ஏறும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஏறுகிற கார்கள் உண்டு. நான்கு கதவு மைனர் அதில் சேராது. வலதுபக்க ஸ்டியரிங் என்பதால் தென்னாப்பிரிக்கப் பழைய கார்களுக்கு இங்கிலாந்தில் ஆர்வலர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் தேடுவது கரூ மாதிரியான வறண்ட பகுதியில் நின்ற, துரு காணாத கார்களை. டர்பன் முற்றத்தில் நின்றதை அல்ல. பழுது பார்த்து விற்றால் லாபம் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. 30,000 பெறும் பொருளில் 46,000 போட்டால் 76,000 வராது.

வரிக்காகப் பயப்படத் தேவையில்லை. சொந்த உபயோகக் கார் மூலதன லாப வரிக்குள் வராது. மொத்தச் சொத்து 35 லட்சம் ராண்டைத் தாண்டாததால் மரணச் சொத்து வரியும் இல்லை.

கப்பலில் ஏற்றும் யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இது முதலில் தோன்றுவது. ஆஸ்திரேலியாவுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட கார் கொண்டுபோகலாம், ஆனால் ஏற்றுவதற்கு முன்பே இறக்குமதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மண்ணும் விதையும் ஒட்டாமல் அடிவரை கழுவியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது ஆஸ்பெஸ்டாஸ். 2003 முடிவிலிருந்து அந்த நாட்டுக்குள் அது எந்த வடிவிலும் நுழையக் கூடாது. அக்காலத்துக் காரில் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் எதில் வேண்டுமானாலும் அது இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி மாற்றி, மாற்றியதற்குச் சான்று காட்ட வேண்டும். (பழைய பிரேக் டிரம்மைத் திறந்து வாயால் ஊதித் தூசி தட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.) இதையெல்லாம் எழுதி இளையவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, “சரி, அதை விடுங்க” என்று ஒரு வரி வந்தது. பிறகு அழைத்து நெடுநேரம் பேசினார். காரைப் பற்றி அல்ல, அப்பாவின் இறுதிச் சடங்கைத் திரையில் பார்த்ததைப் பற்றி.

நோட்டுப் புத்தகம்

புரட்டாசி முடிந்து, 2022 தீபாவளிக்கு மூத்தவர் வந்தார். அந்த வாரம் முடிவெடுத்துவிட வேண்டும் என்று மூவரிடமும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கார் எங்கே நிற்கும்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யார் எடுப்பார்? அடுத்த வருடம் இதற்குச் செலவாகும் பணம் யாருடையது? வேண்டும், வேண்டாம் என்று எழுத இடமே வைக்கவில்லை. மூத்தவரின் குடியிருப்பில் ஒரு கார் நிறுத்தும் இடம்தான். இளையவருடைய பதில், பணம் தருகிறேன் என்பது மட்டும். மகள் தாளை வெறுமையாகத் திருப்பித் தந்தாள்.

காரின் கையேட்டைத் தேடியபோதுதான் முன்பெட்டிக்குள்ளிருந்து மாமாவின் நோட்டு கிடைத்தது. நீல அட்டை, ஈரம் பட்டு ஓரம் ஊறிக் காய்ந்திருந்தது. தேதி, மைல், செய்த வேலை, செலவு. அழகான தமிழ்க் கையெழுத்து. 2006 ஜனவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, வால்வு இருக்கைகளைக் கடினப்படுத்த சிலிண்டர் தலையைக் கழற்றிக் கொடுத்தது வரை எல்லாம் இருந்தது. அந்த ஒரு வேலைதான் எஞ்சினை இவ்வளவு நாள் காப்பாற்றியது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தேன். 2017 நடுவில் கையெழுத்து மாறியது. தமிழ் போய் ஆங்கிலம். சின்னச் சின்ன எழுத்து. கிரீஸ் இரு பக்கமும். எண்ணெய். பாட்டரித் தண்ணீர். ஒவ்வொரு ஞாயிறும் பத்து நிமிடம். ஒன்றுவிடாமல் நாலு வருடம். கடைசி வரி 2021 ஜூன் முதல் ஞாயிறு.

மூத்தவரிடம் நோட்டை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். “நீயா பண்ணினே?” 

“அப்பா நாற்காலி போட்டு உக்காந்து சொல்லுவாரு. நான் படுத்துக்கிட்டுப் பண்ணுவேன்.”

“அப்புறம் ஏன் விக்கச் சொல்றே?”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னது இது: “உங்க ரெண்டு பேருக்கும் அது அப்பா. எனக்கு அது ஞாயித்துக்கிழமை. அப்பாவையும் பாத்துக்கிட்டு, அவர் காரையும் பாத்துக்கிட்டு இருந்தேன். இனிமேலும் உங்க காரை நான் பாத்துக்கணும்னா என்னால முடியாது.”

‘உங்க கார்’ என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. விற்கச் சொன்னவள் காரை வெறுத்தவள் அல்ல. மூவரில் அதை வைத்திருந்தவளே அவள்தான். மற்றவர்கள் வைத்திருக்கச் சொன்னார்கள், அவ்வளவே. அவள் சாவி கேட்டபோது நான் மறுத்தது அவளிடமிருந்து எதைப் பிடுங்கியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்றே சாவியை அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

ஒப்பந்தம்

வாரிசுகள் எல்லோரும் ஒத்துக்கொண்டால், உயிலின் பங்கீட்டைத் தங்களுக்குள் மாற்றியமைத்து எழுதிக்கொள்ளலாம். மறுபங்கீட்டு ஒப்பந்தம் என்று பெயர். இறுதிக் கணக்கோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு 21 நாள் பொதுப் பார்வைக்கு இருக்கும். அதன்படி கார் முழுவதும் மகளுக்கு. பொதுப் பெயரில் வைக்கலாம் என்று மூத்தவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அபராதச் சீட்டும் லைசன்ஸ் பாக்கியும் விபத்துப் பொறுப்பும் பதிவில் உள்ள ஒரு பெயருக்குத்தான் வரும். பொறுப்பு ஒருத்திக்கு, உரிமை மூவருக்கு என்று வைத்தால் மூன்று வருடத்தில் சண்டை வரும். அப்படி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளத்துக்குப் பிந்தைய 30,000 மதிப்பில் அவள் எடுத்துக்கொண்டாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் அவள் பங்கிலிருந்து போனது. 54,000க்கும் 30,000க்கும் இடையிலான நட்டம் என் கையில் இருந்தபோது வந்தது. நிர்வாகிக்குச் சட்டம் அனுமதிக்கும் ஊதியம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம். எனக்கு வரவேண்டியது ஏறத்தாழ 45,000. அதில் 24,000ஐ மூவருக்கும் பிரித்துக் கொடுத்தேன். மீதியைப் பழுது வேலைக்கு விட்டேன். மூத்தவர் வேண்டாம் என்று வாதாடினார். இது தயவு அல்ல, கணக்கு என்றேன்.

மூன்று நிபந்தனைகள் எழுதினோம். விற்பதானால் முதலில் சகோதரர்களிடம் கேட்க வேண்டும், அறுபது நாளுக்குள் அவர்கள் எடுக்காவிட்டால் யாருக்கும் விற்கலாம். குடும்பத்தில் கல்யாணம் என்றால் கார் வரும், ஆனால் ஓட்டுவது அவளோ அவள் சொல்லும் ஆளோ. மூன்றாவதை நானே வற்புறுத்திச் சேர்த்தேன். எப்போது விற்க நினைத்தாலும் அவள் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த வரியைப் படித்த பிறகுதான் அவள் பேனாவை எடுத்தாள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதிலும் அவள் பேச்சுதான் நின்றது. முதலில் பிரேக். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில் அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுப்பதற்குள் மெக்கானிக்குக்கு ஒருநாள் போனது. பிறகு பெட்ரோல் தொட்டி, கிளட்ச், வெல்டிங், டயர், வயரிங். பம்பின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டியதும் டிக் டிக் என்று ஆரம்பித்தது. மூத்தவர் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். பெயின்ட்டை யாரும் தொடவில்லை. மாமா கேட் தூணில் உரசிய கோடு இடது கதவில் அப்படியே இருக்கிறது. என் கருத்தும் அதுதான்: ஓடுவதற்கு வேண்டியதைச் செய்யுங்கள், பளபளப்புக்குச் செலவழிக்காதீர்கள்.

பெயர் மாற்றத்துக்குச் சாலைத் தகுதிச் சான்று வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அறுபது நாள்தான் செல்லும். அதனால் மற்ற காகிதங்கள் தயாரான பிறகே சோதனைக்குக் கொண்டுபோனோம். முதல் தடவை பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை கிடைத்தது. காப்பீட்டைச் சந்தை மதிப்புக்கு எடுக்காமல், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தொகைக்கு எடுத்தோம். இல்லையென்றால் சின்ன மோதலுக்கே இது பழைய இரும்பு என்று சொல்லிக் கைகழுவிவிடக்கூடும்.

பெர்த்தில் இருக்கும் தம்பி தானாகவே வருடத்துக்கு ஒருமுறை டயர் செலவுக்கு என்று பணம் அனுப்புகிறார். ஒப்பந்தத்தில் அது இல்லை.

2024 தைப்பூசத்துக்கு முன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் காவடிக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நோட்டு இப்போது புதியது, பழையதோடு நூலால் சேர்த்துத் தைத்திருக்கிறாள். கடைசி வரியைப் பார்த்தேன். தேதி, மைல், அதற்கடுத்து ஆங்கிலத்தில்: கிரீஸ் இரு பக்கமும். எண்ணெய் சரி. இடது கைகாட்டி மேலே வந்து சிக்குகிறது, அண்ணன் ஈஸ்டருக்கு வரும்போது பார்க்கச் சொல்ல வேண்டும்.